சோத்தாங்கை மாறிய கதை

எங்கள் திருத்தணிப் பக்கம் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர். இடது கைக்குப் பீச்சாங்கை. ஒன்று சோறு தின்கிற கை, இன்னொன்று கழுவுகிற கை. இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள். வழி கேட்டால்கூட, "சோத்தாங்கைப் பக்கம் திரும்பி நேரா போ" என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயர்களோடு எனக்குப் பிறந்ததிலிருந்தே தகராறு. எனக்கு வேலை செய்கிற கை இடது கை. எழுதுவது, துணி வெட்டுவது, கோலம் போடுவது எல்லாமே அதுதான். வேலையெல்லாம் அது செய்யும், பெயர் மட்டும் இப்படி.

அந்தத் தகராறில் எனக்கு எதிர்க்கட்சித் தலைவர் பக்கத்து வீட்டு நைனா. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, நானும் பயன்படுத்தப்போவதில்லை. தெலுங்கு பேசுகிற வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற சொல் நைனா. தெலுங்கு வீடும் தமிழ் வீடும் மாறி மாறி இருக்கிற எங்கள் தெருவில் அவர் எல்லோருக்குமே நைனா ஆகிவிட்டார். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்றும் நான் இலை முன்னால் உட்கார்ந்தால் யாரோ பின்னால் நின்று மேற்பார்வை பார்க்கிற மாதிரி இருக்கிறது.

சம்பளத்துக்கு அவர் செய்த வேலை பஸ் கண்டக்டர். திருத்தணி – பள்ளிப்பட்டு தடத்திலேயே வேலைக்காலம் முழுவதும் ஓடி ஓய்வு பெற்றவர். சம்பளம் இல்லாமல் செய்த வேலை பந்தி பார்ப்பது. முருகன் மலையடிவாரம் என்பதால் முகூர்த்த நாளில் எங்கள் ஊர் மண்டபங்களில் இடம் கிடைக்காது. அழைப்பு வந்த கல்யாணம் ஒவ்வொன்றிலும் நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்கிவிடுவார். "தள்ளிக் குந்து, தள்ளிக் குந்து, இன்னொரு எலை போட்லாம்" என்று பஸ்ஸுக்குள் ஆள் ஏற்றுவது போலவே ஏற்றுவார். கழுத்தில் விசில் தொங்கும். ஒரு விசில் ஊதினால் பரிமாறுகிறவர்கள் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் போகலாம். வேலையை விட்ட பிறகும் அந்த விசிலை விடவில்லை.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். உப்பு நுனியில், சோறு அகலமான பக்கத்தில். ஒருவர் இலையில் இன்னொருவர் கை படக்கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும் கரண்டிதான் வர வேண்டும். ரசத்தில் குறை சொல்ல வேண்டும் என்றால் இரண்டாவது முறை வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களை மீறுகிறவர் மாப்பிள்ளையின் மாமாவாகவே இருந்தாலும் விடமாட்டார்.

எனக்கு ஏழு வயதில் நான் மீறினேன். அம்மாவோடு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பசியில் எதையும் யோசிக்காமல் இடது கையை இலையில் வைத்துவிட்டேன். மணிக்கட்டில் சாம்பார்க் கரண்டியின் காம்பு விழுந்தது. வலி பெரிதில்லை. "பீச்சாங்கையில துன்னுது பாரு இந்தப் பாப்பா!" என்று அவர் பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் அம்மாவும் வெட்கத்தில் சேர்ந்து சிரித்தாள். அடுத்த இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் என் பெயரே பீச்சாங்கை. அதற்குப் பிறகு நான் ஊரார் பார்க்க வலது கையால் சாப்பிடப் பழகினேன். சோறு பாதி இலையிலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் கையால் வயிறாரச் சாப்பிடுவேன். கல்யாணம் ஆகி, நான் வளர்ந்த அதே தெருவில், நைனாவின் பக்கத்து வீட்டுக்கே மருமகளாக வந்தபோதும் கதவைச் சாத்துவது மாறவில்லை. முகூர்த்த நாளில் இரண்டு சாப்பாடு சாப்பிடுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

ஒரு தை மாதக் காலையில் நைனா தன் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நுரை ஒரு பக்கமாக ஒழுகியது. யாரையோ கிண்டல் செய்து காட்டுகிறார் என்று நினைத்து என் கணவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வருந்துகிறார். மறு நிமிடம் வலது கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. உடனே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். உயிருக்கு ஒன்றும் இல்லை. பேச்சு குழறியது, வலது கால் இழுத்தது. வலது கை மட்டும் திரும்பி வரவே இல்லை.

ஐயோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரம் போனதும், 'இனி எந்தக் கையால் சாப்பிடுவார்?' என்று ஒரு கேள்வி வந்தது. கேள்வியோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. மறைப்பானேன்?

அவருக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகள் ஆவடியில் இருக்கிறாள். என்னைவிட மூத்தவள், எனக்கு அக்கா. லீவு போட்டுவிட்டு வந்து சித்திரை வரைக்கும் கூடவே இருந்தாள். சோற்றையும் பருப்பையும் மிக்சியில் அடித்து, ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோவாள். நைனா வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

"வாயத் தொற நைனா. கொஞ்சூண்டு."

"என் எலையில... இன்னொர்த்தர் கை... கூடாது."

"இது எலை இல்ல நைனா, ஸ்பூனு."

"வாயும் எலைதான்."

நன்றாகப் பேச வராத நாளிலும் சட்டம் பேச வந்தது. ஆனால் ஆள் பாதியாகிவிட்டார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. அக்கா ஒருநாள் என் சமையலறையில் நின்று அழுதாள். "என்னால இதுக்கு மேல லீவு போட முடியாதும்மா. ஆடிக் கிருத்திகைக்கு வருவேன். அதுக்குள்ள தானா சமைச்சித் தானா துன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஆவடிக்கு இட்டுகினு போய்டுவேன். அங்க ஒரு ஆள் வச்சி ஊட்ட வேண்டியதுதான்." உள்ளே இருந்த நைனாவுக்கு அது கேட்டது. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஆவடிக்கு அவர் பயப்படவில்லை. ஊட்டுவதற்கு ஆள் என்றதற்குத்தான் பயந்தார்.

மறுநாள் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"பாப்பா. நீ இன்னும்... அந்தக் கையிலதான் துன்றியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னாங்க?"

"கதவ எதுக்கு... சாத்தற? எனக்குத் தெரியாதா?"

"ஆங், துன்றேன். இப்ப இன்னாங்கற?"

"காட்டு."

முப்பத்தைந்து வருடம் முன்பு கரண்டியால் அடித்த மனிதர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் இடது கையால் சாம்பார் சோறு சாப்பிடுவதைச் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். முடித்ததும், "கட்டை விரலு தள்ளுது. மத்ததெல்லாம் சும்மா குந்திகினு வருது" என்றார். நாற்பது வருடமாகச் சாப்பிடுகிற எனக்கே அது தெரியாது.

அவருக்குப் பெரிய தடை வேறு ஒன்று. இடது கை செய்துவந்த பழைய வேலையை, அந்தக் கழுவுகிற வேலையை, இனி யார் செய்வது? அதுவும் அதே கைதான். இரண்டு வேலைக்கும் ஒரே ஆள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. என் கணவர் கழிவறையில் குழாய் வைத்துப் பீச்சிக் கழுவுகிற மாதிரி ஏற்பாடு செய்து கொடுத்தார். சோப்புக்கு நைனாவே ஒரு விதி போட்டுக்கொண்டார். சுவரில் ஒட்டிய பிரஷ்ஷில் சோப்பைத் தடவி, திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லி முடிக்கிற வரையில் கையைத் தேய்ப்பார். குழறின பேச்சு திருந்தியதில் அந்த ஸ்டாப்புகளுக்குப் பாதிப் பங்கு உண்டு.

மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி சொல்லித்தந்த பெண் சில கட்டளைகள் போட்டிருந்தாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். முகவாயைச் சற்றுக் கீழே இறக்கி விழுங்க வேண்டும். சின்னச் சின்ன வாயாக எடுக்க வேண்டும். வலது கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணி மாதிரி இருப்பது புரை ஏறும், அதனால் அவள் பார்த்துச் சொல்கிற வரைக்கும் ரசம் கூடாது. வாயில் சோறு இருக்கும்போது பேசவே கூடாது. கை போனபோது கண் கலங்காத மனிதர் ரசம் கூடாது என்றதும் அழுதார் என்று அக்கா சொன்னாள். பேசக்கூடாது என்பது அதைவிட மோசம். சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவதுதான் அவருக்குச் சாப்பாடு. அதற்கும் விரல் கணக்கு கண்டுபிடித்தார். ஒரு விரல் நீட்டினால் உப்பு போதவில்லை, இரண்டு நீட்டினால் புளி அதிகம். இரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைத்திருந்தோம், அதனால் வேளைக்கு வேளை ஒரு விரலைப் பார்த்தேன். உதட்டுக்குப் பலம் வர எதையாவது ஊதச் சொன்னாள் அந்தப் பெண். நைனா ஆணியில் தொங்கிய விசிலைக் கைகாட்டினார். முதல் மாதம் வெறும் காற்றுதான் வந்தது.

முதல் பத்து நாள் சோறு காதுக்குப் போயிற்று, சட்டைப் பைக்குப் போயிற்று, வாய்க்கு மட்டும் போகவில்லை. தட்டு மேஜையில் ஓடியது. ஈரத்துண்டு விரித்து அதன்மேல் தட்டை வைத்தோம், நின்றது. விளிம்பு உயர்ந்த தட்டாக வாங்கினோம். சோற்றை விளிம்புக்குத் தள்ளினால் விளிம்பே இன்னொரு கையாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்பூன் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினேன். "கரண்டி பரிமாற. துன்ன இல்ல" என்று இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் தயிர்ச்சோறு அவரைச் சமாதானம் செய்தது.

சமைப்பதிலும் இதே கூத்து. காயை அறுக்க ஒரு கை போதாது. முழுசாக வேகவைத்து அப்புறம் கரண்டியால் மசித்தார். பூசணி, உருளை, கத்தரி எல்லாம் ஒத்துழைத்தன. முருங்கை மட்டும் எதிரியாகவே இருந்தது. பால் பாக்கெட்டைக் கிண்ணத்தில் நிறுத்திவைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்ச அவரைப் போல ஆள் இல்லை. புரை ஏறாமல் போகிற கெட்டி எது என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தார். பஸ்ஸில் எழுதியிருக்கிற மாதிரி சுவரில் பெயின்டால் எழுதிவைத்தார்: 'சோறு வாயில் உள்ளபோது பேசக்கூடாது. அடுத்த வாய்க்கு அவசரப்படாதீர்.' சாப்பிட்டு முடித்ததும் இரண்டு விசில். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அக்கா போன் செய்தால், "ரெண்டு விசில் வந்துச்சிக்கா" என்பேன். அதோடு வைத்துவிடுவாள்.

எங்களுக்குள் பெரிய சண்டை இலையால் வந்தது. கிருத்திகைச் சாப்பாடு இலையில்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். தட்டில் தின்று காட்டுவது அவருக்குத் தேர்வே இல்லை. இலையில் விளிம்பு கிடையாது. அதற்கு அப்பளத்தை வலப்பக்கம் அணை மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று அவரே கண்டுபிடித்தார். ஆனால் நுனி இடப்பக்கம், சோறு வலப்பக்கம் இருந்தால் இடது கை ஒவ்வொரு வாய்க்கும் மடியைத் தாண்டிப் போய்த் தாண்டி வர வேண்டும். வழியெல்லாம் சாம்பார் சொட்டும். அதனால் என் வீட்டில் நான் இலையைத் திருப்பித்தான் போடுவேன். நுனி வலப்பக்கம். அதை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"அடிப் பாவி! எலையத் திருப்பிட்டியே!"

"கை மாறிச்சின்னா எலையும் மாறணும் நைனா."

"கை மாறலாம். எலை மாறக்கூடாது."

"அப்ப வேட்டியிலயே துன்னு, போ."

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. விசில் மட்டும் வேளை தவறாமல் வந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெருவெல்லாம் பூக்காவடி, அரோகரா சத்தம். அக்கா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். அவருடைய துணிகளை எடுத்துப்போகிற பை என்று பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே எதுவும் இல்லை. நைனா புது வேட்டி கட்டியிருந்தார். சாம்பார், பூசணிக் கூட்டு, உருளை மசியல் எல்லாம் அவரே செய்தது. அப்பளம் மட்டும் நான் பொரித்தது. அந்த மாதம்தான் அவருக்கு ரசத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. சோற்றில் குழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இலையை நானே போட்டேன், அவர் சட்டப்படி, நுனி இடப்பக்கம். அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முதல் வாய் போயிற்று. இரண்டாவது வாய் பாதி வழியில் புது வேட்டியில் விழுந்தது. மூன்றாவது இலைக்கு வெளியே தரையில் சிதறியது. அக்காவால் பொறுக்க முடியவில்லை. "நைனா, குடு நான்..." என்று இலைக்குள் கையை நீட்டினாள்.

ஒரு விசில்.

எப்போது அதை வாயில் வைத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. நைனா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு இடது கையின் ஐந்து விரலையும் அகலமாக விரித்து இலைக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, சோறும் சாம்பாரும் கூட்டும் இருந்தபடியே இலையைச் சுற்றினார். நெரிசலான பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பச் சொல்கிற மாதிரி, "வரலாம், வரலாம், வரலாம்... ஆங், நில்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூட்டு கொஞ்சம் சாய்ந்தது, கொட்டவில்லை. நுனி வலப்பக்கம் போயிற்று. சோறு அவர் கைக்கு நேர் எதிரில் வந்து நின்றது.

அப்புறம் அவர் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும். அவசரமே இல்லை. முகவாய் இறங்கும், விழுங்கும், நாக்கு கன்னத்தைச் சோதிக்கும், அடுத்த வாய். நடுவில் ஒரு விரல் நீட்டினார். தன் சமையலுக்கே உப்பு போதவில்லையாம். ரசச் சோற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் இலையை மடித்து இரண்டு விசில் ஊதினார்.

அக்கா சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். "பீச்சாங்கையிலயே பழகிட்டியே நைனா!"

"எந்தக் கை சோறு துன்னுதோ," என்றார் நைனா, வாய் காலியாகிவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டு, "அதாம்மா சோத்தாங்கை."

பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா மாலை ரயிலில் தனியாகப் போனாள்.

அவர் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். தன் கையால் சமைத்து, தன் கையால் சாப்பிட்டு, என் சமையலுக்கு விரல் நீட்டிக்கொண்டு இருந்தார். ஆனால் அந்தக் கிருத்திகை முடிந்தபோது எனக்கு ஒரு வருத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. என்னிடம் அந்தக் கரண்டி அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கவும் எனக்கு மானம் விடவில்லை. அவர் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிருத்திகைக்கு அடுத்து வந்த தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் தடியோடு நைனா. கழுத்தில் விசில். பந்தி அவருடையதுதான், நடை மட்டும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. இலை போட்டார்கள், உப்பு வைத்தார்கள். நான் வழக்கம்போல வலது கையைத் தண்ணீர் தெளித்துத் தயார் செய்தேன். வீட்டில் கொஞ்சம் சோறு மிச்சம் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

சோற்று வாளிக்காரர் என் இலைக்கு வந்தார். ஒரு விசில். அவர் நின்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. நைனா எதிர் வரிசையிலிருந்து மெதுவாக நடந்து வந்து தடியை என் நாற்காலி முதுகில் மாட்டினார். இடது கையை விரித்து என் இலையைச் சுற்றினார். நுனி வலப்பக்கம் வந்தது.

"இன்னா நைனா, எலை தலைகீழா கீதே?" என்றார் வாளிக்காரர்.

"ஐயோ, சபையில வேணாங்க" என்றாள் என் அம்மா தாழ்ந்த குரலில்.

"சபையிலதான் அட்ச்சேன்," என்றார் நைனா. பஸ் முழுக்கக் கேட்கிற பழைய குரல் இல்லை, ஆனாலும் வரிசைக்குக் கேட்டது. "சபையிலதான் திருப்பணும்."

தடியை எடுத்துக்கொண்டு இரண்டு விசில் ஊதினார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள், பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டி இலை சரியாகத் தெரியவில்லை. அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, சோறு என் கைக்கு நேர் எதிரில்தான் இருந்தது. ஊரார் நடுவில், என் சோத்தாங்கையால் பிசைந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். இடது கைதான்.